நாட்டுக்குப் போய் வந்தவர்

மாத்தளைக்கு நான் கோயில் குளம் பார்க்கப் போகவில்லை, கொசு பிடிக்கப் போனேன். கொழும்பு விமான நிலையத்தில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. என் பெட்டியில் நாலு பருத்திச் சேலையும், ஒரு பொட்டலம் முறுக்கும், கொசுவை வாயால் உறிஞ்சிப் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்களும் இருந்தன. சுங்க அதிகாரி ஒரு குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "எங்களுக்குக் கொசு பிடிக்கத் தெரியாதென்று இந்தியாவிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததால் முறுக்கில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

போன காரணம் இதுதான். முந்திய வருடம் எங்கள் மதுரையைச் சிக்குன்குனியா புரட்டி எடுத்திருந்தது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும், மூட்டுவலி விடாது. நானே மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியவள். அந்த வைரஸைப் பரப்பியது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளரும் கொசு. ஆனால் அதே வைரஸ் கொஞ்சம் உருமாறி, தோட்டந்துரவில் வளரும் இன்னொரு கொசுவின் உடம்பிலும் சுகமாகத் தங்கப் பழகிவிட்டது என்று எங்கள் கொசு ஆராய்ச்சி ஆட்களிடையே பேச்சு வந்திருந்தது. அது உண்மையென்றால் வீட்டுத் தொட்டியை மட்டும் கழுவிக் கவிழ்த்துப் பயனில்லை. மாத்தளை டவுனுக்குள் வந்திருப்பது அந்தப் புது வகையா, எந்த வழியாக நுழைந்தது, யார் மூலம் பரவுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என்னைக் கூப்பிட்டவர் அந்த நகரத்தின் சுகாதார டாக்டர், இந்திராணி என்று பெயர், சிங்களப் பெண்மணி. எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் தயிர்சாதத்தைச் சாப்பிட்ட பழக்கம்.

அவர் அனுப்பிய வேனை ஓட்டி வந்தவர் நிஸாம். தலைமுறை தலைமுறையாக மாத்தளையிலேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம். அப்போது வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது, சாலையெங்கும் சோதனைச் சாவடிகள். பஸ்ஸில் வந்தவர்கள் பையோடு இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறினார்கள். நிஸாம் என்னிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். சாவடி கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார், தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் அப்படியில்லை, சாவடியிலும் வாயை மூடவில்லை.

"மேடம், கொஞ்சம் மெல்லமா பேசுங்க."

"தமிழ்ல பேசினா என்ன, திருட்டா?" என்றேன். அவர் ஜன்னலை இறக்கி அடையாள அட்டையை நீட்டினார்.

மறுநாள் காலை விடுதியில் இடியாப்பம். மதுரையில் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சீனியும் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். இங்கே மஞ்சள் சொதியும், மிளகாயோடு இடித்த தேங்காய்ச் சம்பலும் வைத்து ஆளை எழுப்பி உட்கார வைக்கிறார்கள். எத்தனை சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். பரிமாறிய பெண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பால் இல்லாத டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. பால் இல்லாமல் டீயா என்று முகத்தைச் சுளித்துவிட்டு இரண்டாவது கோப்பையும் வாங்கினேன்.

அன்று முழுக்க டவுனுக்குள் அலைந்தோம். நீளமான கடைத்தெரு, வாசலில் மிளகு மூட்டை, கிராம்பு மூட்டை, சாதிக்காய். தும்மித் தும்மி என் மூக்கு தக்காளியானதுதான் மிச்சம். வீடு வீடாகத் தொட்டிகளை எட்டிப் பார்த்தேன். மதுரையில் ஒரு தொட்டியைப் பார்த்தால் நாலு நாள் தூக்கம் போகும், இங்கே தொட்டியெல்லாம் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். ஒரு புழு இல்லை. ஆனால் மசாலாக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்களும், கிராமத்துக்குப் போய்ச் சரக்கு வாங்கி வருகிறவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆக, நோய் வீட்டுத் தொட்டியிலிருந்து வரவில்லை, வெளியிலிருந்து யாரோ கொண்டுவருகிறார்கள். எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

டவுனுக்கு முன்னால் காய்ச்சல் வந்த இடம் ஒரு தோட்டத்து லயம் என்று இந்திராணி சொன்னார். லயம் என்பது தொழிலாளிகள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடு. முதலில் படுத்தவர் ராமையா என்பவர். "நாளைக்கு நிஸாமையும் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பேச்சு உங்களுக்கு வேறுமாதிரி இருக்கும்" என்றார் இந்திராணி, ஆங்கிலத்தில்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தமிழுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரா? நான் மதுரைக்காரி, டாக்டர். எனக்கு யாரும் தமிழ் சொல்லித்தர வேண்டாம்" என்று மேஜையைத் தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு, சரி என்றார்.

ரோஷத்துக்கு வேனும் ஒத்தாசை செய்தது. மறுநாள் தோட்டத்துப் பாதையில், மழைத் தண்ணீர் அறுத்த பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கிவிட்டது. நிஸாம் பலகையும் கல்லும் தேடிக்கொண்டு அங்கேயே நின்றார். நான் ஒற்றையாக மேலே ஏறினேன். ஏறி முடிப்பதற்குள் அட்டைகள் என் காலைக் கண்டுபிடித்துவிட்டன. நான் கொசுவைத் தேடுகிறேன், அட்டை என்னைத் தேடுகிறது.

ராமையா வாசலில் சாக்கு விரித்துச் சுவரில் சாய்ந்திருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல்கள் மடங்கியபடி இருந்தன. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. அவர் மனைவி பாக்கியம் முக்காலியைத் துடைத்துப் போட்டு, உப்புத் தண்ணீர் கொண்டுவந்து தானே குனிந்து என் காலிலிருந்த அட்டைகளை எடுத்தார்.

"இந்தியாவுலேருந்து வந்திருக்காங்களாம்" என்று பக்கத்து வீட்டு வாசலில் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேச்சு அப்படியே என் காதில் இருக்கிறது. "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி எங்கேயாவது வெளியூர் போனீங்களா?" என்று கேட்டேன்.

"வெளியூரெல்லாம் போகலீங்க. நாட்டுக்குத்தான் போய்ட்டு வந்தேன். வந்த மறுநாளே ஒடம்பு முறிஞ்சிருச்சி."

நாட்டுக்கு. என் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பாட்டன் முப்பாட்டன் காலத்தில் தோட்ட வேலைக்கு இங்கே வந்தவர்கள், இன்னும் இந்தியாவை நாடு என்று சொல்கிறார்கள். "அங்கே தங்குனீங்களா?"

"ஒரு கெழம தங்குனேங்க. தெரிஞ்ச வீடு இருக்கு. வருசா வருசம் சீசனுக்குப் போயிருவேன்."

சீசன் என்றால் கடல் அமைதியாக இருக்கிற மாதம் என்று நானே நினைத்துக்கொண்டேன். "அங்கே காய்ச்சல் இருந்துச்சா?"

"நாடு பூரா காய்ச்சல்தாங்க. அவங்க வீட்லயே எல்லாரும் மொடங்கிக் கெடந்தாங்க."

இருக்காதா பின்னே, நானே மாடிப்படியில் உட்கார்ந்து இறங்கியவள். "எப்படிப் போவீங்க?"

"தண்ணியத் தாண்டுனா அந்தப் பக்கம் நாடுதானேங்க."

"பாஸ்போர்ட், டிக்கெட்டெல்லாம்?"

அவர் சிரித்தார். பாக்கியமும் சிரித்தார். "எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? எறங்கிப் போறது, வர்றது. லயத்துல பாதிப் பேரு போவாங்க."

நான் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதென்று ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். பாக்கியம் சுடச்சுட ரொட்டியும், வெங்காயம் இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்தார். அடுப்பங்கரையில் மாவுப் பாத்திரம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும், இன்னொன்று வைக்கட்டுமா என்றபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு ருசி. கீழே வந்தபோது வேன் மேலேறியிருந்தது, நிஸாம் முழங்கால் வரை சேறு. உள்ளே என்ன பேசினீர்கள் என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கூட்டம். இந்திராணி, நகரசபை ஆட்கள், ஆஸ்பத்திரி ஆட்கள். மேஜையின் கடைசியில் அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர், யாரும் அறிமுகப்படுத்தவில்லை, அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் வரைபடம். நான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"வைரஸ் எங்கள் ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது" என்று ஆரம்பித்தேன். சொந்த ஊரின் மீது பழி போடுகிற நேர்மை வேறு, அதில் ஒரு மிடுக்கு. "தோட்டத்து லயத்தில் ஒருவர் வருடாவருடம் கடலைத் தாண்டி இந்தியா போய் வருகிறார். பாஸ்போர்ட் கிடையாது. பாதி லயமும் அப்படித்தான். இந்த முறை காய்ச்சலோடு வந்திருக்கிறார்." வரைபடத்தில் அந்தத் தோட்டத்தில் விரலை வைத்தேன். எந்த லயம் என்று கேட்டார்கள், அதையும் காட்டினேன். பெயரையும் சொன்னேன்.

இந்திராணி, "நிச்சயமாகவா?" என்று கேட்டார்.

"அவர் வாயாலேயே சொன்னார். தமிழில் சொன்னார்" என்றேன். அரைக்கைச் சட்டைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு வேறு வேலை இருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கல்லில் இரும்புத் தகடு தட்டுகிற சத்தத்தை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை நாவுல பக்கத்து வயற்காடுகளில் கொசு பிடிக்கலாமென்று புறப்பட்டோம். பலாபத்வலைக்கு வந்ததும் டயர் பஞ்சராகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிஸாமும் நானும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தோம். லாரிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. எண்ணெயில் வெந்த பருப்பு வடையைக் கடித்துக்கொண்டே கூட்டத்துக் கதையை அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது அதே மிடுக்கு.

நிஸாம் வடையைக் கீழே வைத்தார். "அவரு எங்க போனதெண்டு சென்னாரு, மேடம்?"

"நாட்டுக்கு."

"இந்தியா எண்டு சென்னாரா?"

"நாடுன்னா இந்தியாதானே."

"இல்ல மேடம்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்து ஆக்கள் நாடு எண்டு செல்றது சிங்கள ஆக்கள்ட கிராமத்த. தோட்டத்துக்குக் கீழ ஈக்கிற கிராமம்தான் அவங்களுக்கு நாடு. அங்க ஈக்கிறவங்க நாட்டு ஆக்கள். மிளகு சீசனுக்குக் கூலிக்குப் போறது."

"அப்போ தண்ணியத் தாண்டுனா நாடுன்னு சொன்னாரே."

"அங்க ஒரு ஓடை ஈக்கி, மேடம்."

நிஸாம் எழுந்துவிட்டார். "கூட்டத்துல வேற யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டார். அரைக்கைச் சட்டைக்காரரைச் சொன்னேன். நிஸாம் தலையில் கைவைத்துக்கொண்டு பஞ்சர்க்காரரிடம் ஓடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர் நடக்கிற நாட்டில், பாஸ்போர்ட் இல்லாமல் படகேறி இந்தியா போய்வருகிற தமிழன் ஒருவன் இருக்கிறான் என்று மஃப்டியில் போலீஸ் உட்கார்ந்திருந்த அறையில் பெயரோடு சொல்லியிருக்கிறேன்.

நாவுலைக்குப் போகவில்லை. வேனைத் திருப்பித் தோட்டத்துக்கு விட்டோம். லயத்து வாசலில் சாக்கு மட்டும் கிடந்தது. பாக்கியம் ஒரு சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் ஜீப் வந்ததாம்.

"ரெண்டு பேரு தூக்கித்தாங்க ஏத்துனாங்க. நடக்க முடியலன்னு சொன்னேன், கேக்கல. காலையில சோறு கொண்டு போனேன், உள்ள விடல" என்றார். "மொளகு பறிக்கத்தான் போனாருன்னு சொன்னேங்க. இந்தியா டொக்டரம்மாவே சொல்றாங்க, அவங்க பொய் சொல்வாங்களான்னு கேட்டாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. இந்த முறை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்பார் என்று என் மனம் ஒரு மூலையில் எதிர்பார்த்ததே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"அவரு எந்த வீட்டுல தங்கி மிளகு பறிச்சாரு?" என்று நிஸாம் கேட்டார். "சோமா நோனா வீடுங்க. கீழ இருக்கு" என்று பாக்கியம் எழுந்தார். அந்த அம்மாள் போலீஸில் வந்து சொன்னால் விட்டுவிடலாம், சொல்லாவிட்டால் அங்கிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார் நிஸாம். பாக்கியம் பார்சலை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

தேயிலை முடிந்து, மானாப் புல் முடிந்து, இறக்கத்தில் அந்த ஓடை வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. நடுவில் ஒரு கல்லில் யாரோ துணி துவைத்த சோப்பு நுரை ஒட்டியிருந்தது. கூட்டத்தில் நான் கடல் என்று சொன்னது இதைத்தான். கையில் ராமையாவின் சோற்றோடு அதில் நின்றபோது, மதுரைக்காரி என்று மேஜையைத் தட்டிய சத்தம் எனக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை, அந்தத் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கம் நாடு. ஓட்டு வீடு, முற்றத்தில் பாயில் மிளகு காய்ந்தது, சுற்றி மிளகுக் கொடியும் கொக்கோ மரமும். சோமா நோனா என்ற சோமாவதிக்கு என் வயது இருக்கும். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினார். அந்த இறக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். பாக்கியம் சிங்களத்தில் படபடவென்று சொன்னார். நிஸாம் எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"ராமையா என் வீட்டு விறாந்தையில்தான் படுத்திருந்தான். இந்தியாவா? அவன் கண்டியைத் தாண்டியிருக்க மாட்டானே" என்றார் சோமாவதி. பிறகு என்னைச் சுட்டி ஏதோ கேட்டார். இந்த அம்மாவும் தமிழ்தானே என்று கேட்கிறார் என்றார் நிஸாம்.

அவர் சேலை மாற்றி வருவதற்குள், முற்றத்து ஓரத்தில் குவித்திருந்த கொக்கோக் காயின் ஓடுகளைப் பார்த்தேன். பழக்கதோஷம். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு கரண்டி மழைத் தண்ணீர், தண்ணீரில் புழு நெளிந்தது. என் கையிலேயே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது, முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு. தோட்டத்துக் கொசு. நான் தேடி வந்தது இங்கேதான் இருந்தது. இங்கே மிளகு பறிக்க வருகிறவர்கள் லயத்துக்குக் கொண்டுபோகிறார்கள், இங்கே மிளகு வாங்க வருகிறவர்கள் டவுனுக்குக் கொண்டுபோகிறார்கள். மிளகு போகிற வழியில் வைரஸ் போகிறது. புது வகைதான் என்று பரிசோதனை முடிவும் பின்னால் சொன்னது.

"உங்க வீட்ல முதல்ல யாருக்குக் காய்ச்சல் வந்தது?" என்று கேட்டேன், நிஸாம் வழியாக. இந்த முறை அவர் இல்லாமல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மகனுக்கு. கிழக்கே பட்டாளத்தில் இருக்கிறான். லீவில் வரும்போதே காய்ச்சலோடு வந்தான்" என்றார் சோமாவதி. தலையை ஆட்டிக்கொண்டேன். அதை நான் எந்த வரைபடத்திலும் காட்டவில்லை. கொக்கோ ஓட்டை அப்புறப்படுத்துங்கள் என்று மட்டும் பின்னால் இந்திராணியிடம் சொன்னேன். முதலில் கொண்டுவந்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும்.

போலீஸ் நிலையத்தின் பெயர் வேண்டாம். பெஞ்சில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். சோமாவதிக்கு முழங்கால் மடங்கவில்லை, பாக்கியம் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வந்ததும் நான் எழுந்து, தவறு என்னுடையது, அவர் சொன்ன ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என்ன சொல்?"

"நாடு."

அவர் சோமாவதியைப் பார்த்தார். சோமாவதி சிங்களத்தில் சொன்னார், எங்கள் கிராமத்தை இவர்கள் நாடு என்றுதான் சொல்வார்கள், என் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், ஆமாம் சார், எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். அறையில் அந்தச் சொல் தெரியாதவர்கள் இன்ஸ்பெக்டரும் நானும்தான். அவர் தமிழர் இல்லை.

"நீங்களும் தமிழ், அவனும் தமிழ்" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு முஸ்லிமும் ஒரு சிங்கள அம்மாவும் வர வேண்டியிருக்கிறது." அவர் கேலியாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். சோமாவதி கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ராமையா பேரில் ஏற்கெனவே எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். எழுதியது எழுதியதுதான், கீழே நீங்கள் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்றார்.

ராமையாவைக் கான்ஸ்டபிள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிடுவதற்கு, மடங்கிய விரல்களை ஒன்றோடொன்று சேர்க்கப் பார்த்தார். "கும்பிடாதீங்க. தயவு செஞ்சு கும்பிடாதீங்க" என்றேன். பாக்கியம் என் கையிலிருந்த பார்சலை வாங்கிப் பிரித்தார், சோறு ஆறிப்போய்க் கட்டியாகியிருந்தது. வாசலிலேயே ஊட்டிவிட்டார்.

வேனில் திரும்பினோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "பரவால்லீங்க, தெரியாமத்தானே" என்றார் ராமையா. சோமாவதியை இறக்கிவிடும்போது, அடுத்த சீசனுக்கு வா என்று அவர் சொல்லவில்லை. வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ராமையாவும் அதைக் கவனித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "அம்மா, ஊருல நீங்க எந்தப் பக்கம்?"

"மதுரை."

"எங்க பாட்டன் அந்தப் பக்கந்தானாம். திருச்சின்னும் சொல்வாங்க. எங்கப்பாவே பாத்ததில்ல." ஜன்னலில் சாய்ந்துகொண்டார். "உள்ள வச்சுக் கேட்டாங்க. இந்தியாவுல எங்க எறங்குன, எந்தத் தெரு, யாரு வீடுன்னு. ஒரு தெருப் பேருகூட வாயில வரலீங்க. மறைக்கிறன்னு சொல்லித்தான் அடிச்சாங்க. கடைசியில ராமேஸ்வரம்னு சொல்லிட்டேன். சாமி பேரு தெரியும்ல."

பாக்கியம் அவர் தோளைத் தொட்டு, பேசாமல் வாங்க என்றார்.

"இல்ல பாக்கியம். எழுதுனது அப்படியே இருக்குமாம்ல, நாளைக்கு வேற ஆளு வந்து மறுபடி கேப்பாங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். விளையாட்டாகக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "மதுர எப்பிடிங்க இருக்கும்? கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

சொன்னேன். ரயிலடியில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கோயில் கோபுரம் தெரியும் என்றேன். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்றேன். ஆறு இருக்கிறது, பெயர் வைகை, பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, நடந்தே தாண்டலாம் என்றேன். சொல்லச் சொல்ல ராமையா வீங்கிய கன்னத்தோடு ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒரு வீதியின் பெயர் விட்டுப்போனபோது, பாக்கியம் எடுத்துக்கொடுத்தார்.